அச்சாரம் யாருக்கு?

(சின்னாளப்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று அறக்கட்டளைக் குடும்பத்தார் கேட்டார்கள். பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கும்போது அரசாங்கம் அனுமதிக்குமா, மறுக்குமா என்று தெரியாமல் இழுபடுகிற காலத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "டெல்லியிலும் பம்பாயிலும் பேச வேண்டியதை இந்த ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக என் அப்பாவின் பேரேட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அட்டை பிய்ந்துவிட்டது. சாயக்கறை பட்ட பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனாலும் எழுத்து நன்றாகத் தெரிகிறது.

என் அப்பா பாவு கொடுத்துச் சேலை வாங்கும் சிறு வியாபாரி. பதினாலு தறி அவரை நம்பி ஓடியது. சின்னாளப்பட்டுக்கு ஊர் ஊராகப் பேர் இருந்த காலம் அது. திண்டுக்கல்லில் இரண்டு நூல்கடைகளில் அவருக்குக் கணக்கு உண்டு. இரண்டிலும் பணம் கட்ட 45 நாள் கெடு. ஒரு கடையில் நூல் சரியில்லை என்றால் மறு கடைக்குப் போவார். "அவுக கெடு தர்றாக, நீங்க என்ன தர்றீக?" என்று கேட்கும் தைரியம் அவருக்கு இருந்ததற்கு இரண்டாவது கடை ஒன்று இருந்ததுதான் காரணம்.

1984-இல் ஒரு கடைக்காரர் தன் கடையை மற்றவருக்கே விற்கப் போகிறார் என்று பேச்சு கிளம்பியது. விற்றாரா, இல்லையா என்று நான்கு மாதம் யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை முடியவில்லை என்றார்கள். கடை பெயர்கள் வேண்டாம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நான்கு மாதம் என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. விற்கும் கடைக்காரர், "கணக்கை முடிச்சுக் கொடுக்கணும்ணே, பழைய பாக்கியைக் கட்டிருங்க" என்றார். வாங்கும் கடைக்காரர், "கை மாறட்டும்ணே, அதுவரைக்கும் ரொக்கத்துக்குத்தான் நூல்" என்றார். அப்பாவிடம் ரொக்கம் இல்லை. பதினாலு தறியில் ஒன்பது நின்றது. அந்த மாதங்களில் அந்த ஒன்பது தறியின் கூலிப் பத்தி வெறுமையாக இருக்கிறது பாருங்கள். வியாபாரம் முடிந்த பிறகு ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இனி கெடு 15."

விற்றவருக்குப் பணம் கிடைத்தது. வாங்கியவருக்குக் கடை கிடைத்தது. இருவருக்கும் நடுவில் ஒரு அச்சாரமும் கைமாறியிருந்தது. பேச்சு முறிந்திருந்தால் விற்பவர் கையில் அது நின்றிருக்கும். இழுபட்ட நான்கு மாதத்துக்கு அவர்கள் தங்களுக்குள் விலை வைத்துக்கொண்டார்கள். நின்றுபோன ஒன்பது தறிக்கு யாரும் விலை வைக்கவில்லை. இன்று நான் பேசப்போகும் கோடிக்கணக்கான டாலர் வியாபாரங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-இல் வந்த ஏகபோகத் தடைச் சட்டம் நம்மிடம் இருந்தது. அதற்குப் பதிலாக 2002-இல் போட்டிச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த இந்தியப் போட்டி ஆணையம், கம்பெனி இணைப்புகளைப் பார்க்கத் தொடங்கியது 2011 ஜூன் 1 முதல். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள் இணைவதாக இருந்தால் முதலில் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். அது தலையசைத்த பிறகுதான் இணையலாம். அனுமதிக்கலாம், மறுக்கலாம், இதை இதை விற்றுவிட்டு இணையுங்கள் என்று நிபந்தனை போடலாம். விவகாரம் பெரிது என்று தோன்றினால் விவரங்களைப் பத்திரிகையில் வெளியிடச் சொல்லி, பாதிக்கப்படுபவர்கள் கருத்து எழுதலாம் என்று பொதுமக்களையே கேட்கலாம். அப்படி முதன்முதலாகக் கேட்டது 2014-இல், சன் பார்மாவும் ரான்பாக்ஸியும் இணைந்தபோது. ஏழு மருந்துகளைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதற்கு அனுமதி கிடைத்தது.

இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

அமேசானும் ஃப்யூச்சர் குழுமமும் மோதிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிக் பஜார் கடைக்குள் போகாதவர்கள் நகரத்துப் பிள்ளைகளில் குறைவு. 2019 ஆகஸ்டில் அமேசான், ஃப்யூச்சர் கூப்பன்ஸ் என்ற சிறிய கம்பெனியில் 49 சதவீதப் பங்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. விலை 1,431 கோடி ரூபாய். அந்தச் சிறிய கம்பெனி கையில் பிக் பஜாரை நடத்திய ஃப்யூச்சர் ரீடெய்லின் பங்கு கொஞ்சம் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி ஆணையம் அனுமதி கொடுத்தது. மறு ஆண்டு கொரோனா வந்தது. கடைகள் மூடின, கடன் ஏறியது. 2020 ஆகஸ்டில் ஃப்யூச்சர் குழுமம் தன் சில்லறைக் கடைகளையும் கிடங்குகளையும் 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸிடம் விற்கப் போவதாக அறிவித்தது. எங்களைக் கேட்காமல் இன்னாருக்கு விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று அமேசான் சிங்கப்பூர் நடுவர் மன்றத்துக்குப் போனது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கியது. இதற்கிடையில் 2020 நவம்பரில் ரிலையன்ஸ் வியாபாரத்துக்கும் ஆணையம் அனுமதி கொடுத்தது. ஆக, ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இரண்டு ஏற்பாடுகளுக்கும் ஒரே ஆணையத்தின் அனுமதி கையில் இருந்தது.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். 2021 டிசம்பர் 17-ஆம் தேதி, அமேசானுக்கு இரண்டு ஆண்டுக்கு முன் கொடுத்த அனுமதியை ஆணையமே நிறுத்திவைத்தது. வாங்குவதன் உண்மை நோக்கத்தை மறைத்தீர்கள், பரிசுக் கூப்பன் வியாபாரத்துக்காக என்று எங்களிடம் சொல்லிவிட்டு, உங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் சில்லறைக் கடைகளைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள் என்று சொல்லி 202 கோடி ரூபாய் அபராதமும் போட்டது. 2022 ஜூனில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. கொடுத்த அனுமதியையே இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பப் பார்க்க முடியும் என்று தெரிந்தபோது கம்பெனி வழக்கறிஞர்கள் அதிர்ந்துபோனார்கள். என் கருத்து வேறு. பொய் சொல்லி வாங்கிய அனுமதி செல்லாது என்றால் அது சரியான தீர்ப்புதான். ஆனால் அந்தக் கேள்வியை 2019-இலேயே கேட்டிருக்க வேண்டும். ஏன் வாங்குகிறாய் என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்டிருந்தால் அந்த இரண்டு ஆண்டு இழுபறியில் பாதி மிச்சமாகியிருக்கும்.

அந்த இழுபறியில் மூழ்கியது யார்? 2022 பிப்ரவரியில் வாடகை பாக்கிக்காக நூற்றுக்கணக்கான கடைகளை ரிலையன்ஸ் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஏப்ரலில், அடமானத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகள் விற்பனைத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்தன, திட்டம் கைவிடப்பட்டது. ஜூலையில் ஃப்யூச்சர் ரீடெய்ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2024 ஜூலையில் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது. கலைக்கும்போது பணம் பிரியும் வரிசையைச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. முதலில் நடவடிக்கைச் செலவு, பிறகு அடமானக் கடன்காரர்களும் தொழிலாளர் பாக்கியும், அப்படியே போய், சரக்கு அனுப்பிவிட்டுப் பில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் வரிசையின் பின்னால் நிற்கிறார். அவர் வாசலுக்கு வரும்போது பந்தி முடிந்திருக்கும்.

சரக்கு அனுப்பியவர் எந்த ஊரானாலும் அவர் என் அப்பா மாதிரிதான். சிங்கப்பூர் வழக்கில் அவர் கட்சிக்காரர் கிடையாது. ஆணையத்தில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. நாளைக்கு இந்தக் கடை யாருடையது என்பது தெரியாமல் சரக்கு அனுப்பலாமா, நிறுத்தலாமா என்று முழித்தவர் அவர். அனுப்பினால் பணம் வராது. நிறுத்தினால் யார் வாங்கினாலும் அடுத்த ஆர்டர் கிடைக்காது. திண்டுக்கல்லில் முப்பது ஆண்டு கணக்குத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வராத பணத்தைக்கூட ஒரு சிறு வியாபாரி தாங்கிவிடுவார். வருமா, வராதா என்று தெரியாத பணம்தான் அவரைப் படுக்க வைக்கும். வராது என்று தெரிந்தால் நகையை வைத்தாவது பாவு போடுவார். தெரியாவிட்டால் தறியை நிறுத்தவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் நிற்பார்.

இனி பெரியவர்களுக்குள் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். படம் வரையும் மென்பொருள் செய்யும் அடோபி, ஃபிக்மா என்ற கம்பெனியை 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும் 2023 டிசம்பரில் கைவிட்டார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி அடோபி ஃபிக்மாவுக்கு 100 கோடி டாலர் கொடுத்தது. வியாபாரம் முறிந்ததற்கு ஈடு. கைப்பேசிகளுக்குள் இருக்கும் சில்லுகளை வடிவமைக்கும் ஆர்ம் கம்பெனியை 4,000 கோடி டாலருக்கு வாங்க என்விடியா 2020-இல் முயன்று, 2022 பிப்ரவரியில் விட்டுவிட்டது. அது முன்பணமாகக் கொடுத்திருந்த 125 கோடி டாலரை விற்கவிருந்த சாஃப்ட்பேங்க் வைத்துக்கொண்டது. 2011-இல் அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பெனியான ஏடி அண்ட் டி, டி-மொபைலை வாங்க முடியாமல் போனபோது 300 கோடி டாலர் ரொக்கமும் அலைக்கற்றையும் கொடுத்துத்தான் பிரிந்தது.

நமக்குத் தெரிந்த அச்சாரம்தான் இது. அரசு அனுமதி கிடைக்குமா, கிடைக்காதா என்ற சந்தேகத்தை இவர்கள் வெறுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. வெறுப்பு இருக்கலாம். ஆனாலும் அதைக் கணக்குப் போட்டு, எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அந்தக் காகிதத்தில் மூன்றாவது ஆளுக்கு ஒரு வரி கிடையாது. அந்த மென்பொருளை நம்பிக் கடை வைத்தவனும் சரக்குக் கொடுப்பவனும் அந்தக் கம்பெனியில் வேலை செய்பவனும் அந்தக் காலம் முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தாமதமே ஒரு கெடுதல் என்று தொழில்துறையினர் சொல்வதை நான் தள்ளவில்லை. மின்கட்டணமும் தொலைபேசிக் கட்டணமும் கட்டும்போது பின்னால் ஓடுகிற பில்டெஸ்க் என்ற கம்பெனியை நினைத்துப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த இந்தியக் கம்பெனி. அதை 470 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக, பேயூ கம்பெனியின் உரிமையாளரான நெதர்லாந்தின் ப்ரோசஸ் 2021 ஆகஸ்ட் 31-இல் அறிவித்தது. ஆணையம் அனுமதி கொடுத்தது 2022 செப்டம்பர் 5-இல். ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. உலகச் சந்தையில் தொழில்நுட்பப் பங்குகளின் விலை அதற்குள் சரிந்திருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 3-இல் வாங்குபவரே வேண்டாம் என்று விலகிவிட்டார். சில நிபந்தனைகள் கெடு தேதிக்குள் நிறைவேறவில்லை என்பது அவர் சொன்ன காரணம். முகூர்த்த ஓலை எழுதி ஓர் ஆண்டு கழித்து அனுமதி வந்தால் கல்யாணம் நிற்கும்.

அரசும் இதைக் கவனித்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, 210 நாளாக இருந்த உச்ச வரம்பை 150 நாளாகக் குறைத்தார்கள். 2024 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதே திருத்தத்தில் இன்னொரு விதியும் வந்தது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாங்கும் விலை 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆணையத்திடம் வர வேண்டும்.

இந்த விதி ஏன் வந்தது என்பதற்குச் சின்னாளப்பட்டியிலேயே சாட்சி இருக்கிறது. என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு பெண் சுங்குடிச் சேலை விற்கிறார். கடை கிடையாது. திண்ணையில் சேலையை விரித்து, வெயில் சாய்வாக விழும் காலை எட்டு மணிக்குப் படம் எடுக்கிறார். உச்சி வெயிலில் எடுத்தால் அரக்கு கருப்பாகத் தெரியும் என்பார். படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவார். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் "மஞ்சள் ரெண்டு, அரக்கு ஒண்ணு" என்று குரல் பதிவு வரும். முந்தியின் கட்டுப் புள்ளியைக் கிட்டத்தில் காட்டச் சொல்வார்கள். நகத்தால் புள்ளியைத் தொட்டுக்காட்டி இன்னொரு படம் போகும். அவருக்குப் பேரேடு, விளம்பரப் பலகை, வாடிக்கையாளர் விலாசம் எல்லாமே அந்த ஒரு பச்சை நிறச் சதுரம்தான்.

2021 ஜனவரியில் அதில் ஒரு அறிவிப்பு வந்தது. உங்கள் தகவலை ஃபேஸ்புக் குழுமத்துடன் பகிர்ந்துகொள்வது குறித்த புதிய விதிகளை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று. போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மாமா, இதை அமுக்காட்டி சேலைப் படம் போகாதாமே, அமுக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு இரண்டாவது கடை இல்லை. அமுக்கினார்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய இடம் அந்தத் திண்ணை கிடையாது. 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸப்பை வாங்குவதாக அறிவித்தபோது கேட்டிருக்க வேண்டும். அமெரிக்கா ஏப்ரலில் விட்டுவிட்டது. ஐரோப்பா அக்டோபரில் அனுமதித்தது. இரண்டு சேவைகளின் கணக்குகளைத் தானாகப் பொருத்திப் பார்க்க முடியாது என்று ஃபேஸ்புக் சொன்னதையும் கேட்டுக்கொண்டது. அது தவறான தகவல் என்று 2017-இல் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. இந்தியாவில் அந்த வியாபாரம் ஆணையத்தின் மேசைக்கே வரவில்லை. வாட்ஸப் வாங்கிய காசு சொற்பம், அந்தக் கம்பெனிக்குப் பெரிய விற்றுமுதல் ஏது? சட்டம் ரூபாயை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது, போனை வைத்திருந்த ஆட்களை எண்ணவில்லை.

பிறகு எவ்வளவு பாடு பாருங்கள். 2021 மார்ச்சில் ஆணையம் தானாக விசாரணை தொடங்கியது. 2024 நவம்பர் 18-இல் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டு, விளம்பரத்துக்காகத் தகவலைப் பகிர ஐந்து ஆண்டு தடையும் விதித்தது. 2025 நவம்பரில் தீர்ப்பாயம் தடையை நீக்கி, அபராதத்தை மட்டும் நிலைநிறுத்தியது. அமெரிக்காவில் 2020-இல் அரசு போட்ட வழக்கு, இன்ஸ்டாகிராமையும் வாட்ஸப்பையும் ஃபேஸ்புக் கம்பெனியிடமிருந்து பிரிக்க வேண்டும் என்பது. 2025 நவம்பர் 18-இல் நீதிபதி போஸ்பெர்க் தள்ளுபடி செய்தார். இன்றைக்கு அந்தக் கம்பெனி ஏகபோகமாக இருப்பதை அரசு நிரூபிக்கவில்லை என்றார். வாசலில் ஆறு மாதம் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டியதை உள்ளே விட்ட பிறகு பத்து ஆண்டு கேட்டும் பதில் வாங்க முடியவில்லை.

அதனால்தான் அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தைத் தொல்லை என்று மட்டும் பேசுவதை நான் ஏற்கவில்லை. இரண்டு பெரிய கம்பெனிகள் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்லும் ஒரே காலம் அது. அனுமதி கிடைத்த மறுநாள் அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் விளையாட்டுக் கம்பெனியை வாங்கியபோது, பிரிட்டன் 2023 ஏப்ரலில் முடியாது என்றது. அந்த ஒரு சொல்லுக்காக ஒப்பந்தத்தையே மாற்றி, இணையம் வழியாக விளையாட வைக்கும் உரிமையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு அக்டோபரில் அனுமதி வாங்கினார்கள். காத்திருக்கும் காலத்தில் இறங்கி வருவார்கள்.

நம் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பார்த்திருக்கிறது. போட்டிக் கம்பெனிகளிடம் கருத்துக் கேட்கிறது; அவர்களுக்குச் சம்பளத்துக்கு வழக்கறிஞர் உண்டு, மறுநாளே பதில் போகும். சரக்குக் கொடுப்பவரையும் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அவர் எங்கே இருக்கிறார், என்ன பாஷை பேசுகிறார் என்று தேடிப்போய்க் கேட்க வேண்டும். இணைப்பு முறிந்தாலோ இழுத்தாலோ இருவரும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் அச்சாரத்தில் ஒரு பங்கை, அந்தக் காலத்தில் பில் நிலுவையில் நிற்கும் சிறு வியாபாரிகளுக்கு ஒதுக்கி வைத்த பிறகே ஆணையம் மனுவை எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். நடக்காது என்று என் சக தணிக்கையாளர்கள் சொல்கிறார்கள். வாங்கும் விலையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொன்னபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. முதலில் மனதில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பொது அறிவிப்பு. ஆணையத்துக்கு 2021-இலிருந்து சென்னையில் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. கருத்து எழுதக் கொடுக்கும் கெடு மிகக் குறைவு, நாள்கணக்குதான். அதற்குள் யாராவது பார்த்து, படித்து, எழுதி அனுப்ப வேண்டும். இங்கே வந்திருக்கும் மாணவர்களில் இரண்டு பேர் வாரம் ஒருமுறை ஆணையத்தின் அறிவிப்புகளைப் பார்த்துச் சொல்ல முன்வந்தால், எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நெசவாளர் சங்கத்திலும் ஜவுளி வியாபாரிகளிடமும் கையெழுத்து வாங்க நானே வருகிறேன். முதல் கடிதத்தோடு இந்தப் பேரேட்டின் 1984-ஆம் ஆண்டுப் பக்கத்தை நகலெடுத்து இணைப்பதாக இருக்கிறேன். ஒட்டிப்போன பக்கத்தைப் பிரிக்க மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.